பழைய டி அண்ட் டி-யில் (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) இந்த உதவாக்கரை மான்ஸ்டர்கள் எல்லாம் எதற்கு?

மெழுகுத்திரி:

வணக்கம். நான் டன்ஜன் மாஸ்டராக, அதாவது நிலவறையை வரைந்து ஆட்டத்தை நடத்துகிறவனாக, உட்கார ஆரம்பித்து ஏழு மாதம்தான் ஆகிறது. அதற்கு முன் ஐந்தாம் பதிப்பில் ஆட்டக்காரனாக மட்டுமே இருந்தவன். எங்கள் குழுவில் என்னையும் சேர்த்து ஐந்து பேர். பழைய விதிகளில் ஒரு கேம்பெய்ன் (தொடர்கதை ஆட்டம்) ஆடிப் பார்க்கலாம் என்று எல்லோருக்கும் ஆசை வந்தது. 1977-இல் வந்த மான்ஸ்டர் மேனுவல் என்ற மான்ஸ்டர் விவரப் புத்தகத்தைத் தேடிப் பிடித்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்து முடித்தேன்.

டிராகன், ட்ரால், எலும்புக்கூடு எல்லாம் சரி. நடுநடுவே வருகிற சில ஜந்துக்கள்தான் எனக்குப் பிடிபடவில்லை. லர்க்கர் அபவ் என்று ஒன்று, கூரை மாதிரியே மேலே ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. ட்ராப்பர் தரை மாதிரி கிடக்கிறது. மிமிக் பெட்டியாக உட்கார்ந்திருக்கிறது. பியர்ஸர் குகைக் கூரையில் தொங்கும் கூர்க்கல் போல இருந்து, கீழே போகிறவன் தலையில் விழுகிறது. பத்தடிக்குப் பத்தடி சதுரமாக ஒரு கண்ணாடிக் கூழ் தாழ்வாரத்தில் ஊர்ந்து வருகிறது. இவை எல்லாம் எதைத் தின்று உயிர் வாழ்கின்றன? ஆளே வராத நிலவறையில் ஒரு கூரை எத்தனை வருடம் பட்டினியாகக் காத்துக் கிடக்கும்?

போன வாரம் பியர்ஸரை இறக்கினேன். "கூரையிலிருந்து கூரான கற்கள் தொங்குகின்றன" என்று நான் சொல்லி வாயை மூடுவதற்குள், "அது பியர்ஸர், சுவரோரமாகப் போய்விடுவோம்" என்று ஒருவர் சொல்லிவிட்டார். எல்லோரும் சுவரோரமாகப் போய்விட்டார்கள். ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து வரைந்த அறை, அரை நிமிடத்தில் முடிந்தது.

அந்தக் காலத்தில் இவற்றை யோசித்துத்தான் செய்தார்களா, இல்லை பக்கம் நிரப்பச் செய்தார்களா? பேசாமல் இவை எல்லாவற்றையும் தூக்கிவிட்டு ஆடலாமா?

கூர்வாள்:

தூக்கிவிடுங்கள். நான் பத்து வருடமாக ஆடுகிறேன். ஓர்க், காப்ளின், எலும்புக்கூடு, நல்ல வில்லன் ஒருவன், இவ்வளவு இருந்தால் ஒரு கேம்பெய்னுக்குப் போதும். தரையாகக் கிடக்கிற மிருகத்தை ஒரு முறை இறக்கினால், அப்புறம் உங்கள் ஆட்டக்காரர்கள் ஒவ்வொரு தரையையும் கோலால் குத்திக்கொண்டே இருப்பார்கள். ஒரு அறையைக் கடக்க ஒரு மணி நேரம் ஆகும். கதை நகரவே நகராது. நான் பட்டுத்தான் சொல்கிறேன்.

பத்தடிக்கோல்:

தம்பி மெழுகுத்திரி, அவசரப்பட்டுத் தூக்கிவிடாதீர்கள். இந்த ஜந்துக்கள் மேல் எனக்கு இருக்கும் பாசம் கொஞ்சம் அதிகம், அதனால் பதிலும் நீளமாகத்தான் வரும்.

எதைத் தின்று உயிர் வாழும் என்று கேட்கிறீர்கள். அதை மிருகமாகப் பார்த்தால் அந்தக் கேள்விக்குப் பதிலே கிடைக்காது. அது பிறந்ததற்கு முந்தைய வாரம் மேஜையில் ஆட்டக்காரர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள், எல்லாம் விளங்கிவிடும்.

டி அண்ட் டி-யை உருவாக்கிய கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் எழுதிய மூன்று சிறு விதிப் புத்தகங்கள் 1974-இல் ஒரு பெட்டியில் வந்தன. முதல் அச்சு ஆயிரம் பிரதிதான். ஆனால் அச்சுக்கு முன்பும் பின்பும் விஸ்கான்சினில் லேக் ஜெனீவா என்ற ஊரில் கைகாக்ஸ் வீட்டில் ஆட்டம் ஓயாமல் நடந்துகொண்டிருந்தது. கிரேஹாக் என்ற ஒரே கற்பனைக் கோட்டை, அதன் அடியில் அடுக்கடுக்கான நிலவறை, திரும்பத் திரும்ப வரும் அதே ஆட்கள். சில நாள் ஒரே மேஜையில் இருபது பேர் வரை. அத்தனை பேர், அத்தனை இரவுகள், ஒரே மாதிரி இடத்தில் ஆடினால் என்ன ஆகும்? தேர்ந்துவிடுவார்கள். கதவைத் திறக்குமுன் காது வைத்துக் கேட்பார்கள். தரையைக் கோலால் தட்டுவார்கள். அந்த 1974 புத்தகத்தின் விலைப்பட்டியலிலேயே பத்தடிக் கோல் ஒரு பொற்காசுக்கு இருக்கிறது (என் பெயர் அங்கிருந்து எடுத்ததுதான்). பெட்டியைக் கண்டால் பொறி தேடுவார்கள். கண் முன்னால் இருப்பதை எல்லாம் சோதித்துவிடுவார்கள், தலைக்கு மேல் மட்டும் பார்க்க மாட்டார்கள்.

இப்போது உங்கள் பட்டியலைத் திரும்பப் பாருங்கள். தலைக்கு மேல் பார்க்காதவனுக்கு லர்க்கர் அபவ், பியர்ஸர். பொறி இல்லை என்று உறுதி செய்த பின் பெட்டியைத் தொடுகிறவனுக்கு மிமிக். தரையில் நடுவே ஒரு பெட்டியைக் கண்டதும் ஓடுகிறவனுக்கு ட்ராப்பர். விவரிப்பைச் சரியாகப் படித்தீர்களா? ட்ராப்பர் தன் உடம்பின் நடுவில் பெட்டி மாதிரி ஒரு மேட்டை உருவாக்கிக் காட்டும். அதை எடுக்க அறை நடுவுக்கு வந்தவனை நான்கு பக்கமிருந்தும் சுருட்டி மூடும். இது உயிரியல் இல்லை, ஆட்டக்காரனின் கையும் காலும் எங்கே போகும் என்று தெரிந்த ஒருவர் யோசித்துச் செய்தது.

கண்ணாடிக் கூழ், அதாவது ஜெலாட்டினஸ் க்யூப், இன்னும் அழகான விஷயம். அந்தக் கால நிலவறையை எல்லோரும் கட்டம் போட்ட தாளில்தான் வரைந்தார்கள். ஒரு கட்டம் பத்தடி. தாழ்வாரத்தின் அகலம் பத்தடி. இந்த ஜந்துவும் எல்லாப் பக்கமும் பத்தடி. அதாவது தாளில் இருக்கும் ஒரு காலிக் கட்டம் உயிர் பெற்று நகர்ந்து வருகிறது! தாழ்வாரத்தை இடுக்கு இல்லாமல் அடைத்துக்கொண்டு, தரையில் கிடக்கும் பிணம், எலும்பு, தோல் எல்லாவற்றையும் கரைத்துத் தின்றபடி போகும். கரையாத காசும் வாளும் உள்ளேயே மிதக்கும். மான்ஸ்டர் மேனுவல் காலத்து ஆட்டத்தில் இவ்வளவு பொருத்தமான மிருகம் வேறு இல்லை என்பேன். அதை அறிமுகப்படுத்தும்போது மிருகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாதீர்கள். "இந்தத் தாழ்வாரம் மட்டும் துடைத்துவைத்தது போல் இருக்கிறது. தூசி இல்லை, சிலந்திவலை இல்லை. இருபதடி தள்ளி ஒரு வாள் ஆளுயரத்தில் காற்றில் நிற்கிறது." இவ்வளவு போதும். யாராவது ஒருவர் அந்த வாளை எடுக்கப் போவார்.

சரி, உலோகத்தைத் துருவாக்கும் ரஸ்ட் மான்ஸ்டருக்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் உண்மையில் எழுத வந்தேன்.

இதன் பிறப்பே ஒரு விளையாட்டுப் பொம்மையிலிருந்துதான். 'வரலாற்றுக்கு முந்தைய விலங்குகள்' என்று பெயர் ஒட்டி, ஹாங்காங்கில் செய்த மலிவு பிளாஸ்டிக் பொம்மைகள் பையில் அடைத்து அமெரிக்கக் கடைகளில் விற்றன. எந்தக் காலத்திலும் உலகில் இல்லாத உருவங்கள் அவை. கைகாக்ஸ் ஒரு பையை வாங்கி வந்து மேஜையில் மான்ஸ்டராக வைத்தார். அந்தப் பையிலிருந்து வந்தவைதான் ரஸ்ட் மான்ஸ்டர், அவுல்பேர் (ஆந்தைத் தலைக் கரடி), புலெட் (நிலத்தைத் துளைத்து வரும் ஜந்து) மூன்றும். முதல் இரண்டும் 1975-இல் கிரேஹாக் துணைப் புத்தகத்தில் அச்சேறின. புலெட்டை டிம் காஸ்க் எழுதி, 1976-இல் டிராகன் பத்திரிகையின் முதல் இதழில் வந்தது. ரஸ்ட் மான்ஸ்டரின் வால் நுனியில் விசிறி மாதிரி ஒன்று இருக்கிறதே, அது எதற்கு என்று தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பொம்மையில் அப்படி இருந்தது.

அது என்ன செய்யும்? கடிக்காது. விஷம் இல்லை. மீசை மாதிரி இரண்டு உணர்கொம்புகளால் உலோகத்தைத் தொடும். தொட்ட உலோகம் துருவாகிக் கொட்டும், அதை அது தின்னும். நீங்கள் வாளால் வெட்டினால் வாளும் துருதான். உங்கள் உடம்புக்கு ஒரு கீறல் கூட வராது. படித்தால் சாதுவாகத் தெரியும்.

ஆனால் அந்தக் காலக் கணக்கை நினைத்துப் பாருங்கள். ஆளை லெவல் ஏற்றும் அனுபவப் புள்ளியில் பெரும்பகுதி கொண்டுவரும் தங்கத்துக்குத்தான், ஒரு பொற்காசுக்கு ஒரு புள்ளி. 1975 கிரேஹாக் புத்தகம் வந்த பிறகு மான்ஸ்டரைக் கொன்றால் கிடைக்கும் புள்ளி இன்னும் குறைந்துவிட்டது. அதனால் சண்டை என்பது செலவு. ரஸ்ட் மான்ஸ்டரோடு சண்டை இன்னும் மோசம். ஜெயித்தாலும் கையில் பெரிதாக ஒன்றும் வராது, தோற்றால் நீங்கள் சேர்த்த எல்லாம் போகும்.

பல வருடம் முன்பு என் மேஜையில் நடந்தது இது. நண்பர் ஒருவரின் ஃபைட்டர் (போர்வீரர் பாத்திரம்), ஐந்தாம் லெவல். முழு இரும்புக் கவசமும் மரக்கேடயமுமாக ஆர்மர் கிளாஸ் 2 (அப்போதெல்லாம் எண் குறையக் குறையப் பாதுகாப்பு அதிகம்). இரண்டு ஓகர்களை முன்னால் நின்று வெட்டியவர். நிலவறையின் மூன்றாம் அடுக்கில் ஒரு வளைவு. நான் சொன்னேன்: "பன்றி அளவில் ஒன்று மெல்ல வருகிறது. கொம்பு இரண்டும் காற்றில் ஆடுகின்றன. உங்களையே பார்க்கிறது." அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார், "கவசத்தைக் கழற்ற எவ்வளவு நேரம் ஆகும்?"

எத்தனையோ சண்டையில் அவர் கேட்காத கேள்வி அது. நேரம் இல்லை என்றேன். தீஃப் (திருடன்) ஆடிய பெண் தன் தாளைத் தேடி, கதவுக்கு ஆப்பு அடிக்க வாங்கிய இரும்பு ஆணிகள் பன்னிரண்டு இருக்கின்றன என்றாள். எல்லாவற்றையும் கொட்டினாள். கைநிறைய இரும்பைக் கண்டால் அது ஒரு ரவுண்டு நின்று தின்னும் என்று புத்தகத்திலேயே இருக்கிறது, நின்றது. எல்லோரும் ஓடினார்கள். ஃபைட்டர் மட்டும் கேடயத்தால் மறைத்தபடி கடைசியாகப் பின்வாங்கினார். அடுத்த ரவுண்டில் ஒரு கொம்பு அவர் தோளைத் தொட்டது.

அவர் பென்சிலால் எழுதியிருந்த 'பிளேட் மெயில்' என்ற வரியை அழிக்க ஆரம்பித்தார். அவசரத்தில் தாள் கிழிந்து அந்த இடத்தில் ஒரு சிறு ஓட்டை விழுந்தது. 2 என்று இருந்த கட்டத்தில் 9 என்று எழுதினார். மிஞ்சியது மரக்கேடயம் ஒன்றுதான். மேஜிக் யூசர் (மந்திரவாதி) ஆடிய பையன், அதுவரை எல்லோருக்கும் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தவன், எழுந்து நின்று, "என்னிடம் இரும்பே இல்லை. மரத்தடிதான் இருக்கிறது. நான் போகிறேன்" என்றான். மொத்தம் ஒன்பது ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) உள்ள ஆள்! அன்றைக்கு முன்வரிசை யார், பின்வரிசை யார் என்பதே மாறிப்போனது. ஒரு டிராகனால் அதைச் செய்ய முடியாது. டிராகன் வந்தால் ஃபைட்டர் முன்னால் நிற்பார், பையன் பின்னால் நிற்பான், தினமும் செய்வதையே செய்வார்கள்.

மிமிக் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. 1977 விவரிப்பில் சின்ன மிமிக்குகள் புத்திசாலிகள், பேசக்கூடியவை. சாப்பாடு கொடுத்தால் சிநேகமாகி, பக்கத்தில் பார்த்ததைச் சொல்லும் என்று எழுதியிருக்கிறது. பெட்டியோடு பேரம் பேசும் வாய்ப்பை விட்டுவிட்டு, இத்தனை வருடமாக எல்லோரும் அதை வெட்டிக்கொண்டிருக்கிறோம். ஒரு முறை பேசவைத்துப் பாருங்கள்.

கடைசியாக உங்கள் பியர்ஸர். அறையைப் பற்றி முதலில் சொன்னதும் கூரை, கடைசியாகச் சொன்னதும் கூரை. அதுதான் காரணம். வேறு எதுவும் இல்லாத அறையில் அதைத் தவிர யாரும் வேறு எதைக் கவனிப்பார்கள்? கற்கள் ஐம்பது தொங்கட்டும், அதில் மூன்று பியர்ஸராக இருக்கட்டும். அவற்றுக்குக் கீழே எடுத்தே ஆக வேண்டிய ஒன்று கிடக்கட்டும். இன்னொன்றும் உண்டு. அது விழுந்து குறி தவறினால் பாவம், மிக மெதுவாகத்தான் நகரும் (புத்தகத்தின் அளவில் ஒரு இஞ்சு), அந்தப் புத்தகத்திலேயே மிக மந்தமானவற்றில் அதுவும் ஒன்று. திரும்பச் சுவரேறிக் கூரைக்குப் போய்த் தொங்கியாக வேண்டும். அந்த ஏற்றத்தை ஆட்டக்காரர்கள் பார்க்கட்டும்.

நீலமை:

பத்தடிக்கோல் அண்ணா சொன்னதில் முக்கால்வாசிக்கு நானும் கை தூக்குவேன். மீதி கால்வாசி இயர் சீக்கர். அதை அவர் பேச்சில் கொண்டுவரவே இல்லை, அதனால் நான் கொண்டுவருகிறேன்.

மரக்கதவில் வாழும் சின்னப் பூச்சி. கதவில் காது வைத்துக் கேட்கிறவரின் காதுக்குள் புகுந்து முட்டையிடும். குஞ்சுகள் பொரித்து உள்ளே தின்னும். நோய் நீக்கும் மந்திரம் கையில் இல்லாவிட்டால் ஆள் பிழைப்பது அபூர்வம். ஒவ்வொரு ஜந்துவும் ஆட்டக்காரரின் ஒரு பழக்கத்துக்குப் பதில் என்ற அண்ணாவின் கணக்கில் இதுவும் சரியாகத்தான் பொருந்துகிறது, கதவில் காது வைப்பது பழக்கம், அதற்கு இது பதில். ஆனால் என் எல்ஃப் தீஃப் இதில்தான் செத்தாள். இரண்டாம் லெவல். 1975-இல் தீஃப் என்ற வகுப்பு வந்தபோதே சத்தம் கேட்பது அவளுடைய சொந்தத் திறமை. விதி எனக்குக் கொடுத்த ஒரே ஒரு வேலையைச் செய்ததற்கு விதியே கொன்றது. டன்ஜன் மாஸ்டர் பகடையை உருட்டினார், என்ன எண் விழுந்தது என்று கூடச் சொல்லவில்லை, அடுத்த நாள் அவள் எழுந்திருக்கவில்லை என்றார். நான் செய்ய எதுவுமே இருக்கவில்லை.

அதற்கப்புறம் மூன்று மாதம் எங்கள் குழுவில் யாரும் எந்தக் கதவிலும் காது வைக்கவில்லை. கதவைத் திறந்தோம், சண்டை போட்டோம், அடுத்த கதவைத் திறந்தோம். மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கம் என்ன இருக்கும் என்று கேட்கிற அந்த ஒரு நிமிடம்தான் எனக்கு இந்த ஆட்டத்தில் பிடித்த இடம். அது போய்விட்டது.

அதே புத்தகத்தில் ராட் கிரப் என்ற புழுவும் இருக்கிறது. குப்பையைக் கிளறுகிறவன் தோலுக்குள் புகுந்து இதயத்தை நோக்கிப் போகும். அதுவும் கொல்லும். ஆனால் உடனே காயத்தில் நெருப்பு வைத்தால் பிழைக்கலாம். தன் கையைத் தானே சுடுவதா, வேண்டாமா என்று ஒருவர் மேஜையில் முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவு இருக்கும் வரை எவ்வளவு கொடுமையான ஜந்துவும் எனக்குச் சம்மதம். இயர் சீக்கரில் அது இல்லை.

பத்தடிக்கோல்:

நீலமை, நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் அதை என் மேஜையிலிருந்து எடுத்து வெகு காலம் ஆகிறது, அதனால்தான் எழுதும்போது நினைவுக்கு வரவில்லை. உங்கள் தீஃப் போன விதம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அறிகுறி ஒன்றாவது கொடுத்திருக்க வேண்டும், கதவில் பொடித் துளைகள், கீழே மரத்தூள், ஏதாவது.

மெழுகுத்திரி:

அண்ணா, நீலமை அக்கா, இருவருக்கும் நன்றி. இரண்டு முறை வாசித்துவிட்டு அறையைத் திரும்ப வரைந்துகொண்டிருக்கிறேன். இதற்கிடையில் ஃபீண்ட் ஃபோலியோ என்ற இன்னொரு பழைய மான்ஸ்டர் புத்தகமும் கையில் கிடைத்தது. அதில் ஃப்ளம்ஃப் என்று ஒன்று: தட்டையான வெள்ளை உடம்பு, கீழே முள்ளும் தும்பிக்கை மாதிரி தொங்கல்களும், காற்றை உறிஞ்சி ஊதி மிதக்கிறது. எதிரி மேல் நாற்ற நீரைப் பீய்ச்சுகிறது. கவிழ்த்துவிட்டால் திரும்ப நிமிர முடியாமல் கிடக்கிறது. இது எந்தப் பழக்கத்துக்குப் பதில்?

பத்தடிக்கோல்:

நல்ல கேள்வி. அந்தப் புத்தகத்தின் கதை வேறு. மான்ஸ்டர் மேனுவல் ஒருவர் எழுதியது, ஒரு மேஜையைச் சுற்றி வளர்ந்தது. ஃபீண்ட் ஃபோலியோ பிரிட்டனில் தொகுத்தது. ஒயிட் டுவார்ஃப் பத்திரிகையில் ஃபீண்ட் ஃபேக்டரி என்று ஒரு பகுதி வந்தது, வாசகர்கள் தாங்கள் உருவாக்கிய மான்ஸ்டர்களை அதற்கு அனுப்பினார்கள். அவற்றில் பலவற்றோடு புதியவற்றையும் சேர்த்து டான் டர்ன்புல் தொகுத்தது 1981-இல் வெளிவந்தது. அதனால் ஒவ்வொரு பக்கமும் வேறொருவர் வீட்டு மேஜை. பிற்காலத்தில் அறிவியல் புனைகதை எழுத்தாளராகப் பெயர் வாங்கிய சார்ல்ஸ் ஸ்ட்ராஸ் பள்ளி வயதில் உருவாக்கிய கித்யாங்கி என்ற போர்வீரர் இனமும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது, ஃப்ளம்ஃபும் அதில்தான் இருக்கிறது. கதாயுதம் மாதிரி தலைகளை ஆட்டும் நத்தை, மாயப் பொருளின் சக்தியை உறிஞ்சும் ஒட்டகம் போன்ற டிஸென்சான்டர், உலோகம் உடம்பு வழியாகச் சும்மா கடந்துபோகும் லாவா சில்ட்ரன், எல்லாம் உண்டு. எல்லாமே தேறாது. டிராஃபெக் என்ற மூன்று தலை உருவத்தை எங்கே வைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஃப்ளம்ஃபுக்கு அலைன்மென்ட் (குணவகை) என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். லாஃபுல் குட், அதாவது ஒழுங்கும் நல்ல மனமும் உள்ள வகை. நிலவறையில் எதிரே வருவதை எல்லாம் முதலில் வெட்டி, பிறகு யோசிக்கும் ஆட்களிடையே, அருவருப்பான உருவத்தில் ஒரு நல்லவனை வைத்திருக்கிறார்கள். நான் அதை மிதக்கவிடவே மாட்டேன். தாழ்வாரத்தில் கவிழ்ந்து கிடக்கும், தொங்கல்கள் மேல்நோக்கி மெல்ல அசைந்துகொண்டிருக்கும், புஸ் புஸ் என்று காற்று வெளியேறும் சத்தம் மட்டும். மூன்று தடவை இப்படி வைத்திருக்கிறேன். மூன்று தடவையும் வாளை உருவியவர்கள் யாரோ ஒருவரால் தடுக்கப்பட்டார்கள். ஒரு முறை ஒரு பெண் குனிந்து, இரண்டு கையாலும் அதைப் புரட்டி நிமிர்த்திவிட்டாள். அதற்கப்புறம் நான்கு செஷன் அது அவள் தோளுக்குப் பின்னாலேயே மிதந்து வந்தது. 2014 மான்ஸ்டர் மேனுவலில் அதற்கு மனத்தோடு மனம் பேசும் சக்தி கொடுத்து, நல்ல குணத்தை விரிவாக எழுதினார்கள். எனக்கு அது மிகவும் சந்தோஷமாக இருந்தது.

நில்பாகையும் தவறவிடாதீர்கள். காப்ளின் என்பதை ஆங்கில எழுத்தில் பின்னாலிருந்து வாசித்தால் வரும் பெயர். அடித்தால் அதற்கு ஹிட் பாயிண்ட் ஏறும். குணப்படுத்தும் மந்திரம் போட்டால்தான் குறையும். எங்கள் மேஜையில் க்ளெரிக் ஆடியவர் சண்டை என்றால் கடைசி வரிசையில் நின்று, முடிந்த பின் எல்லோருக்கும் காயம் ஆற்றுகிறவர். மற்றவர்கள் வெட்ட வெட்ட அந்தக் குட்டி ஜந்து தெம்பாகிக்கொண்டே போனது. அவர் சத்தமில்லாமல் நடந்து வந்து அதன் தலையில் கை வைத்து, "க்யூர் லைட் வூண்ட்ஸ்" என்றார். பகடையை உருட்டும்போது அவர் கை நடுங்கியது எனக்குத் தெரிந்தது.

மெழுகுத்திரி:

நேற்று ஆடினோம். எழுதாமல் இருக்க முடியவில்லை.

குகையில் ஐம்பது கற்கள், மூன்று பியர்ஸர், கீழே ஒரு சுமைகாரனின் எலும்பும் இரண்டு வெள்ளி மூட்டைகளும். ஆனால் நான் கூரையைப் பற்றிப் பேசவே இல்லை. "இடது பக்கச் சுவரில் ஒரு கல் மிக மெதுவாக மேலே போய்க்கொண்டிருக்கிறது" என்று ஆரம்பித்தேன். நான்கு பேரும் அமைதியாகிவிட்டார்கள். ஒருவர் தீப்பந்தத்தைத் தூக்கிப் பிடித்தார். "அது எங்கே போகிறது?" என்றார் ஒருவர். "விழுந்த இடத்துக்கே திரும்பப் போகிறது" என்றார் இன்னொருவர், அவராகவே. போன முறை சுவரோரமாகப் போகச் சொன்னவர்தான் அவர். அது கூரையை அடையும் வரை உட்கார்ந்து பார்ப்போம் என்று முடிவு செய்தார்கள். விளையாட்டு நேரத்தில் இரண்டு தீப்பந்தம் எரிந்து முடிந்தது. எந்தக் கல் உயிருள்ளது என்று மூன்றையும் கண்டுபிடித்து வரைபடத்தில் குறித்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் முந்தைய அறையில் அவர்கள் ஏமாற்றிவிட்டு வந்த ஓர்க்குகள் ஆறு தேடி வந்தன. வெள்ளியை எடுக்காமல் அப்படியே விட்டு, சுவரோரமாகப் பின்னால் போய், பந்தத்தை அணைத்துவிட்டார்கள். ஓர்க்குகள் மூட்டைகளைப் பார்த்து உள்ளே நுழைந்தன. நான் மூன்று பகடையையும் எல்லோருக்கும் தெரியும்படி நடுவில் உருட்டினேன். இரண்டு பியர்ஸர் குறி தவறவில்லை. மிச்சம் நான்கு ஓர்க்குகள் அலறிக்கொண்டு ஓடிவிட்டன.

அடுத்த வாரம் அந்தக் குகைக்கே திரும்பப் போக வேண்டுமாம். மூன்றும் திரும்ப ஏறித் தொங்க எவ்வளவு நேரம் ஆகும் என்று இப்போதே கேட்கிறார்கள். கயிறும் இரண்டு பெரிய கூடைகளும் வாங்கித் தாளில் எழுதிவிட்டார்கள். எதற்கு என்று என்னிடம் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.